முதலில் மெதுவான பிரஸ்



சென்ற பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது என் அக்காள் மகன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "மாமா, இதுல எந்த பிரஸ் வாங்கலாம்? சீக்கிரம் சொல்லுங்க, தள்ளுபடி இன்னைக்கு ராத்திரியோட முடியுது" என்றான். பின்னால் நின்ற ஓர் அம்மையார் நாங்கள் இடியாப்பம் பிழிவதைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, ஊரிலிருந்து பித்தளை நாழி கொண்டுவருவதுதான் நல்லது என்று அறிவுரை சொன்னார்.

அவன் கேட்டது இடியாப்ப நாழி அல்ல. சுட்டு முடித்த தோட்டாவின் காலிக் கூட்டில் மறுபடியும் மருந்தும் குண்டும் வைத்து நிரப்புவதற்கான கைப்பொறி. இந்த நாட்டில் இலக்குச் சுடுதலில் ஈடுபாடு உள்ளவர்கள் பலர் வீட்டிலேயே இதைச் செய்கிறார்கள். நானும் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன்.

சங்க மலரில் எழுத வேண்டிய விஷயமா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். நம் சங்கத்துக் குடும்பங்களிலேயே வார இறுதியில் சுடுதளத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். சொல்லாததால் யாரிடமும் கேட்பதும் இல்லை. விளம்பரத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்குபவர் இருப்பதிலேயே மெதுவான பிரஸ்ஸை வாங்க வேண்டும். அதை வாங்குவதற்கும் முன்னால் தன் விசாவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

பாட்டாவின் திண்ணை

நான் பிறந்த ஊர் குன்னத்துகால். பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் இடையில், காரக்கோணத்தை ஒட்டிய எல்லைக் கிராமம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடும் கல்குளமும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. அதோடு எங்கள் ஊரும் நின்றது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தோம்.

என் பாட்டாவிடம் உரிமம் பெற்ற ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய வகை. மரச்சீனி விளையைக் காட்டுப்பன்றி உழுதுபோடாமல் காப்பதற்காக வைத்திருந்தார். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். தேர்தல் முடிந்ததும் போய்த் திரும்ப வாங்கி வருவார்.

அவர் அதற்கு மருந்து கெட்டிக்கிறதைத் திண்ணைக்குக் கீழே நின்று பார்த்திருக்கிறேன். மேலே ஏற எங்களுக்கு அனுமதி இல்லை. முதலில் வாயிலிருந்த பீடியைக் கிணற்றடியில் போட்டு மிதித்துவிட்டு வருவார். ஒரு மூங்கில் குழாய்தான் அவருடைய அளவு. அதில் கருமருந்தை வழித்து ஊற்றுவார், தேங்காய் நாரைத் திணிப்பார், கம்பியால் இடிப்பார், பிறகு ரவை, மறுபடி நார். அந்த நேரத்தில் பாட்டி கூப்பிட்டாலும் பதில் வராது. எல்லாம் முடிந்து கம்பியை விட்டுப் பார்த்து, அது எவ்வளவு வெளியே நிற்கிறது என்று விரலால் அளந்த பிறகுதான் "என்னட்டீ?" என்று கேட்பார். அந்தக் கம்பி வழக்கத்தைவிட வெளியே நின்றால் மருந்து இரண்டு தடவை விழுந்திருக்கிறது என்று பொருள்.

எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் துப்பாக்கி என்ற சொல்லே பிடிக்காது. 1954 ஆகஸ்டு 11-இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள் மேல் போலீசார் சுட்டதை எங்கள் பக்கத்தில் மறந்தவர்கள் இல்லை. அந்த நினைவோடு வளர்ந்தவன் நான். எல்லோரும் துப்பாக்கி வாங்குங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வேண்டாம் என்று இருப்பவர்கள் அப்படியே இருக்கட்டும். செய்வது என்று முடிவெடுத்தவர்களுக்கு மட்டுமே இந்தக் கட்டுரை.

முதலில் விசா

என் மருமகன் எச்-1பி விசாவில் இருக்கிறான். இந்த ஒரு காரணத்தாலேயே அன்று இரவு அவனை எதையும் வாங்கவிடாமல் தடுத்தேன்.

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி எச்-1பி, எஃப்-1, எச்-4, பார்வையாளர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. பச்சை அட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. இது நம்மவர்கள் சிலருக்குத் தெரியும்.

பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. தோட்டா என்றால் என்ன என்பதற்கு அந்தச் சட்டமே விளக்கம் தருகிறது. முழுத் தோட்டா மட்டும் இல்லை. காலிக் கூடு, பிரைமர், குண்டு, மருந்து இவை தனித்தனியாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் தோட்டாவே. "துப்பாக்கி வாங்கலையே மாமா, சாமான் மட்டும்தானே" என்றான் அவன். பிரஸ் வெறும் இரும்பு. அதை வாங்கினால் குற்றமில்லை. அதோடு ஒரு டப்பா பிரைமரும் வந்து சேர்ந்தால் அது கூட்டரசுக் குற்றம். சிறைக்கு மட்டுமல்ல, நாட்டை விட்டு அனுப்பப்படுவதற்கும் அது வழி. பத்து வருடம் பச்சை அட்டைக்கு வரிசையில் நிற்கிற பிள்ளை ஒரு தள்ளுபடிக்காக அந்த வரிசையை இழக்க வேண்டுமா?

மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் இருக்கின்றன. இல்லினாயில் தோட்டா வைத்திருக்கவே தனி அடையாள அட்டை வேண்டும். ஆகவே நண்பர்கள் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாமல், குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நிரப்பிய தோட்டாவை விற்பதைத் தொழிலாகச் செய்யவும் உரிமம் வேண்டும். சொந்த உபயோகத்துக்கு நிரப்புவது ஒன்று, நாலு பேருக்கு விற்பது வேறொன்று.

ஊருக்கு அனுப்புகிற எண்ணமும் வேண்டாம். 2022-இல் கேரள அரசு, தொல்லை தரும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தபோது, என் உறவினர் ஒருவர் கூப்பிட்டு, "12 போர் தோட்டா கிடைக்கல்ல, விலையும் கூடுதல். அங்கேயிருந்து ஒரு பிரஸ் அனுப்பி வைக்கியளா?" என்று கேட்டார். துப்பாக்கிக்கு உரிமம் இருப்பது தோட்டா செய்வதற்கு உரிமம் ஆகாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி தோட்டா செய்யத் தனி உரிமம் வேண்டும். அங்கே கட்கி ஆயுதத் தொழிற்சாலையின் 'சக்திமான்' தோட்டாவைக் கடையில் ரசீதோடு வாங்குவதுதான் முறை. இங்கிருந்து விடுமுறைக்குப் போகிறவர்களும் சுடுதளத்துக்குக் கொண்டுபோன பையில் துணி அடுக்காதீர்கள். ஓரத்தில் கிடக்கும் ஒரு தோட்டா விமான நிலையத்தில் அகப்பட்டால், தெரியாமல் வந்தது என்று நிரூபிக்க நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருக்கும்.

மூன்று வகை

இனி பிரஸ்ஸுக்கு வருவோம். ஒரு தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் கூடு மட்டும் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, பழைய பிரைமரைத் தள்ளி, விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு நெருக்கி, புதுப் பிரைமர் வைத்து, மருந்து ஊற்றி, குண்டைப் பதிக்க வேண்டும். நெருக்குவதையும் பதிப்பதையும் 'டை' என்கிற அச்சுகள் செய்கின்றன. பிரஸ் என்பது அந்த டையையும் கூட்டையும் ஒன்றோடொன்று அழுத்தும் நெம்புகோல்.

ஒற்றைநிலை பிரஸ்ஸில் ஒரு சமயத்தில் ஒரு டைதான் நிற்கும். ஐம்பது கூடுகளையும் முதலில் நெருக்கி முடிக்க வேண்டும், பிறகு டையை மாற்றி அடுத்த வேலை. மணிக்கு ஐம்பது முதல் நூறு தோட்டா வரை வரலாம். டரெட் வகையில் நாலைந்து டைகள் ஒரு தலையில் நிற்கும்; தலையைத் திருப்பித் திருப்பி ஒரே தோட்டாவை முடிக்கலாம். புரோகிரசிவ் வகையில் நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் நாலைந்து கூடுகளில் நாலைந்து வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். இழுப்புக்கு ஒன்றாக மணிக்குச் சில நூறு தோட்டா விழும்.

நாம் எந்த வகையை வாங்குவோம்? சமையலறைக்கு மிக்சி வாங்கினாலும் பெரிய மோட்டார் கேட்கிறவர்கள் நாம். கடல் கடந்து வந்ததே காலத்தை மிச்சம் பிடிக்கத்தானே! நானும் அப்படித்தான் முதலில் புரோகிரசிவ் வாங்கினேன்.

என் பிழை

ஒரு சனிக்கிழமை இரவு நிரப்பிக்கொண்டிருந்தேன். நெம்புகோல் பாதியில் நிற்கும்போது ஊரிலிருந்து தொலைபேசி. அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று செய்தி. பேசி முடித்துத் திரும்பி வந்து, எங்கே விட்டேன் என்று நினைவில்லாமல், சுழல் தட்டை ஒரு இடம் கையால் திருப்பிவிட்டுத் தொடர்ந்தேன். பெட்டி நிறைந்தது. எல்லாத் தோட்டாவும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன.

மறு வாரம் சுடுதளத்தில் ஆறாவதோ ஏழாவதோ தோட்டா 'டமார்' என்று வெடிப்பதற்குப் பதிலாக 'டப்' என்றது. தோட்டா பழுது என்று நினைத்து அடுத்ததை ஏற்றப் போனேன். பக்கத்துத் தட்டியில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் "நிறுத்து!" என்று கத்தினார். துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொல்லி, அதில் எதுவும் இல்லை என்று உறுதிசெய்து, பின்பக்கமிருந்து ஒரு மெல்லிய கம்பியைக் குழாயில் விட்டுக் காட்டினார். கம்பி பாதியில் நின்றது. அந்தத் தோட்டாவில் மருந்தே இல்லை; பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழாயின் நடுவரை தள்ளியிருக்கிறது. அடுத்த குண்டைச் சுட்டிருந்தால் குழாய் பிளந்திருக்கும். பிளந்த இரும்பு என் கைக்கும் கண்ணுக்கும் பக்கத்தில் இருந்தது.

பாட்டாவின் கம்பி அன்றுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. எழுத்தறிவில்லாத மனிதர் ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்ததை, பட்டம் வாங்கிய நான் ஒருமுறைகூட அளக்கவில்லை.

பிரஸ் செய்த கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிழை என்னுடையது. வேகமான பொறி புதியவனுடைய பிழையையும் வேகமாகவே செய்து முடிக்கிறது. நாலு வேலை ஒரே இழுப்பில் நடக்கும்போது எதைப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியாது.

ஒற்றைநிலையில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மருந்து ஊற்றிய ஐம்பது கூடுகளும் ஒரு மரப்பலகைக் குழிகளில் வரிசையாக நிற்கும். குண்டு வைப்பதற்கு முன்னால் டார்ச் அடித்து வரிசை வரிசையாகப் பார்க்கலாம். ஒன்றில் மருந்து இல்லையென்றாலும், ஒன்றில் இரட்டிப்பாக இருந்தாலும் உடனே கண்ணில் படும். 9 மி.மீ. கைத்துப்பாக்கிக் கூட்டில் மருந்து பாதிகூட நிறையாத வகைகள் உண்டு. தவறி இரண்டு தடவை விழுந்தாலும் வழியாமல் உள்ளேயே கொள்ளும். அந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வகுத்த அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. உங்கள் கார் டயரில் இருப்பது 32 அல்லது 35. வரம்பையே இரட்டிப்பு மருந்து தாண்டினால் என்னவாகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது

வார்ப்பிரும்பில் செய்த, நாலு பக்கமும் மூடிய சட்டம் உள்ள ஒற்றைநிலை பிரஸ் போதும். முன்பக்கம் திறந்த சட்டம் கைக்கு வசதி. ஆனால் ரைபிள் கூட்டை நெருக்கும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஆர்.சி.பி.எஸ்., லீ, ஹார்னடி, லைமன், ரெடிங் என்று பல கம்பெனிகள் செய்கின்றன. ஒரு கம்பெனி டை இன்னொரு கம்பெனி பிரஸ்ஸில் பொருந்துமா என்று மருமகன் கேட்டான். பெரும்பாலும் பொருந்தும். 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவு. ஆகவே பிற்பாடு வேறு பிரஸ் வாங்கினாலும் டைகள் வீணாகா. ஒற்றைநிலை பிரஸ்ஸும் வீணாவதில்லை. புரோகிரசிவ் வைத்திருப்பவர்கள் மேசையோரத்திலும் பழைய ஒற்றைநிலை ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். பழையதாகக் கிடைத்தாலும் தைரியமாக வாங்கலாம், அதில் தேய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை. கைத்துப்பாக்கிக் கூடுகளுக்குக் கார்பைடு டை வாங்கினால் எண்ணெய் தடவித் துடைக்கிற வேலை மிச்சம்.

பிரஸ்ஸில் மிச்சம் பிடித்த பணத்தைத் தராசில் போடுங்கள். இங்கே மருந்தை கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். நம் தட்டான் கடைக் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு வேண்டிய மருந்து இரண்டு மூன்று குன்றிமணி எடைதான். அடுக்களைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. ஒரு கிராம் என்றால் 15 கிரெயினுக்கு மேல். எனவே இதற்கென்றே செய்த, கிரெயினில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசும், அதைச் சரிபார்க்கப் படிக்கல்லும் வேண்டும்.

தராசுக்கும் முன்னால் புத்தகம். லைமன், ஹார்னடி போன்ற கம்பெனிகளின் கையேடு ஒன்றை முழுக்கப் படியுங்கள். அதில் எந்தக் குண்டுக்கு எந்த மருந்து எவ்வளவு என்று சோதித்து எழுதியிருக்கிறார்கள். குறைந்த அளவில் தொடங்க வேண்டும். ஒரு மருந்துக்குப் பதில் இன்னொன்றைப் போடக் கூடாது. பாட்டா மூங்கில் குழாயால் அளந்தது கருமருந்துக்குச் சரி. இன்றைய புகையில்லா மருந்தை அப்படி அளந்தால் கை போகும்.

வீடு

நம் வீடுகளுக்கென்றே ஒரு விஷயம். பிரைமர் புகையிலும் சுட்ட கூட்டின் கரியிலும் ஈயம் இருக்கிறது. நாம் கையால் பிசைந்து உண்பவர்கள். குழந்தைக்கு ஊட்டுவதும் அதே கையால்தான். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே கூடு சுத்தம் செய்வது அடுக்களைத் தொட்டியில் ஆகாது. தனி மேசை, தனிச் சட்டை, முடித்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுதல், பிறகுதான் பிள்ளையைத் தூக்குவது. என் வீட்டில் இந்தச் சட்டத்தைப் போட்டது என் மனைவி. "கழுவாத கையோட சோத்துப் பானைப் பக்கம் வராதீங்க" என்று ஒருமுறை சொன்னாள். அதன் பிறகு வரவில்லை.

மருந்து அதன் சொந்த டப்பாவிலேயே இருக்க வேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மாற்றி வைக்கும் நம் வழக்கத்தை இங்கே காட்டக் கூடாது. பிரைமரும் மருந்தும் தனித்தனியாகப் பூட்டில். சாவி பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில். நிரப்பும் மேசையில் தொலைபேசி கிடையாது, ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும்.

செலவு மிச்சமாகுமா என்று கேட்பவர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். 9 மி.மீ. போன்ற மலிவான தோட்டாவில் பெரிய மிச்சம் கிடையாது. 2020-க்குப் பிறகு பிரைமர் தட்டுப்பாடு வந்து விலை எகிறியதை நாங்கள் பார்த்தோம். காசுக்காக இறங்குகிறவர் வேகத்தைத் தேடுவார்; வேகத்தைத் தேடுகிறவர் பார்க்க மறப்பார். கைவேலையில் மனம் ஒன்றுகிறவர்களுக்குத்தான் இது ஏற்றது.

முடிவாக

என் மருமகன் அன்று இரவு தள்ளுபடியை விட்டுவிட்டான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "மாமா, அந்தப் புத்தகத்தோட பேரு என்ன?" என்று கேட்டான். இப்போது கையேட்டைப் படித்துக்கொண்டிருக்கிறான். சில சனிக்கிழமைகளில் என் வீட்டுக் கார் கொட்டகைக்கு வந்து நான் நிரப்புவதைப் பார்க்கிறான். "லேய் மக்கா, பாரு. ஆனா எதையும் தொடாதே. உனக்குப் பச்சை அட்டை வரட்டும்" என்று சொல்லியிருக்கிறேன். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்காருகிறான். போன வாரம் நான் டார்ச் அடித்து வரிசையைப் பார்த்து முடித்தபோது, "மாமா, மூணாவது வரிசை கடைசிக் கூட்டை இன்னொரு தடவை பாருங்க" என்றான். பார்த்தேன். மருந்து சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் தயாராகிவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் சொன்னது. புதிதாகத் தொடங்கும் நம் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. சட்டத்தைப் பாருங்கள், புத்தகத்தைப் படியுங்கள், மெதுவான பிரஸ்ஸை வாங்குங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த மலருக்கு எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.